வாளிக்குள் ஒரு பிடி அரிசி

போன வாரம் என் மகளின் லொலி வாளிக்குள் ஒரு பிடி பச்சை அரிசி கிடந்தது.

லொலி என்றால் இங்கே ஆக்லாந்தில் எல்லா இனிப்புக்கும் பொதுப் பெயர். வாளி என்றால் ஒரேஞ்ச் நிறத்தில் பூசணிக்காய் மாதிரிச் செய்த பிளாஸ்டிக் வாளி. அதற்குள் சொக்லேட், ஜெலிப் பாம்பு, கண்முழி வடிவத்தில் ஒரு பபிள்கம்... எல்லாவற்றுக்கும் மேலே அரிசி.

“ஆர் தந்தது?” என்று கேட்டேன். அந்த வீட்டு அன்ரி என்றாள். ஏன் அரிசி தந்தா என்று கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கினாள்.

அது என்ன அரிசி என்று எனக்குப் பிடிபட்டபோது நான் நடைபாதையில் நின்றேன். ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்னும் அந்தத் திடுக்கிடல் போகவில்லை. இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ஹலோவீன் என்பது இலையுதிர் காலப் பண்டிகை. இருட்டு, குளிர், காய்ந்த இலை — அதெல்லாம் பூமியின் அந்தப் பக்கத்துக்காரருக்கு. எங்களுக்கு ஒக்டோபர் முடிவென்றால் வசந்தம். மரமெல்லாம் பூத்திருக்கும். எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஆக்லாந்துப் பேய்கள் பாவம், பின்னேரம் ஆறு மணிக்கு வெயிலோடு வெயிலாக, முகத்தில் சன்ஸ்கிரீனும் பூசிக்கொண்டு வெளிக்கிட வேண்டும்.

எனக்கு இந்தக் கொண்டாட்டம் பிடிக்காது என்பது இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். போன வருடமும் திட்டினேன். அறிமுகமில்லாத வீட்டுக் கதவைத் தட்டி வாளியை நீட்டுவதற்கு எங்களுடைய ஊரில் வேறு பெயர். ஆனால், பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம்! வகுப்பில் எல்லாரும் போகிறார்களாம். போகாவிட்டால் மறுநாள் கதைக்க ஒன்றுமே இருக்காதாம். இரண்டு வாரம் அரித்தெடுத்தார்கள். சரி, தொலையட்டும் என்று விட்டேன்.

மகள் யாழினிக்கு எட்டு வயது. அவளுக்கு எலும்புக்கூடு உடுப்பு. பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில் வாங்கினோம். மகன் கவினுக்கு ஐந்து வயது. அவனுக்குப் பேய் வேண்டும். பேய் என்றால் வெள்ளைத் துணி, இரண்டு ஓட்டை, அவ்வளவுதானே? அதற்கும் கடைக்குப் போவதா? அலுமாரியைத் திறந்தேன். வீட்டுக்காரரின் வேட்டி ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்து, கத்தரிக்கோலால் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டேன். அவர் மனுரேவாவில் வெயார்ஹவுஸ் வேலையில் இருந்தார், பின்னேர ஷிப்ட். கேட்டுவிட்டு வெட்ட எங்கே நேரம்?

நல்ல நாலு முழ வேட்டி. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. தலையிலிருந்து கால் வரைக்கும் பச்சைக் கரையோடு என் மகன் நின்றான். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அந்தக் கரை என்ன வேலை செய்யப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் வீதியில் ஹலோவீனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தபால் பெட்டியில் ஏதாவது அலங்காரம் கட்டியிருந்தால் அந்த வீட்டுக்குப் போகலாம். சிலந்தி வலை, பிளாஸ்டிக் வௌவால், கறுப்பு பலூன்... ஒன்றுமில்லாவிட்டால் பேசாமல் தாண்டிப் போக வேண்டும். பிள்ளைகள் கதவடிக்குப் போவார்கள், பெற்றவர்கள் வீதியில் நின்று கையாட்டுவார்கள். இப்படியே ஏழெட்டு வீடு போனோம். வாளி நிறைந்துகொண்டு வந்தது. கவின் வேட்டியில் தடக்கி இரண்டு தரம் விழுந்தான். அழவில்லை, பேய் அழாதாம்.

எங்கள் வீட்டிலிருந்து பதினோராவது வீடு. தபால் பெட்டியில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பட்டப்பகல் மாதிரி வெளிச்சத்திலும் உள்ளே எல்லா லைற்றும் எரிந்தது.

அது யாருடைய வீடு என்று எனக்குத் தெரியும். கோகிலாவின் வீடு.

கோகிலாவை நான் ஒரேயொரு தரம்தான் கண்டிருக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன்னால், பாட்டனியில், மரக்கறிக் கடையில். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். தயங்கித் தயங்கிக் கிட்ட வந்து, “நீங்கள் தமிழோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். கலியாணம் கட்டி இப்போதுதான் இங்கே வந்தாளாம். ஊர் இணுவில். இருக்கிற வீதியைக் கேட்டால் எங்களுடைய வீதி! அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்கு வாங்கோ அக்கா என்றாள்.

“கட்டாயம் ஒருநாள் வாறம்” என்றேன்.

போனேனா? நீங்களே சொல்லுங்கள், நாங்கள் சொல்கிற ‘ஒருநாள்’ என்றைக்காவது வந்திருக்கிறதா? நகர மையத்தில் ஒஃபிஸ், பஸ், பிள்ளைகளின் நீச்சல், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம்... ஏழு மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் அந்த வீட்டைத் தாண்டித்தான் கார் போகும். முதல் இரண்டு மாதம் திரும்பிப் பார்த்தேன். பிறகு வெட்கம் பிடித்து, அந்த இடம் வந்தால் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

அன்றைக்கு அந்த வெள்ளைத் துணியைக் கண்டதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அட, இந்தப் பிள்ளை வந்து ஏழு மாதத்தில் ஹலோவீன் கொண்டாடத் தொடங்கிவிட்டதே! நல்லாய்த் தேறிவிட்டாள்! பேய்த் துணிகூடக் கட்டியிருக்கிறாளே! இதைத்தான் நினைத்தேன். அதுவும் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கேயே இருபத்துநாலு வருடம் வளர்ந்த நான்.

அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்ல? ஆகவே மதிலோரம் ஒதுங்கி, போனைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, நீங்கள் போங்கோ என்று பிள்ளைகளை அனுப்பினேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது. ஓகோ, ஹலோவீனுக்கு ஏதோ சத்தமும் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கவின் துள்ளிக்கொண்டு வந்தான். இதுதான் இந்த வீதியிலேயே ‘பெஸ்ட் ஹவுஸ்’ என்றான். ஏனடா என்றேன். டிவியில் செத்த ஆள் ஒன்று பெட்டிக்குள் படுத்திருக்கிறதாம். சுற்றிவர எல்லாரும் அழுகிறார்களாம். உண்மை மாதிரியே இருக்கிறதாம்.

அப்போதுதான் யாழினியின் வாளியைப் பார்த்தேன்.

வெள்ளைத் துணி. திறந்த கதவு. பெட்டி. பச்சை அரிசி. இது நாலும் எந்த வீட்டில் ஒன்றாக இருக்கும் என்று ஒரு யாழ்ப்பாணத்தாளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அது செத்த வீடு. வாளிக்குள் இருந்தது வாய்க்கரிசி. பெட்டியை மூடுவதற்கு முதல், சொந்தக்காரர் செத்தவரின் வாயில் கடைசியாகப் போடுகிற அரிசி... அது என் மகளின் ஜெலிப் பாம்புக்கு மேலே கிடந்தது.

உண்மையைச் சொல்கிறேன், மறைக்கவில்லை. எனக்கு முதலில் வந்த யோசனை நல்ல யோசனையில்லை. அரிசியைக் கொட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடு, தலையில் தண்ணீர் வார், யாருக்கும் மூச்சுக் காட்டாதே. செத்த வீட்டிலிருந்து ஒன்றும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது என்றுதானே எங்களை வளர்த்தார்கள்? வாளியைச் சரிக்கக் கையை வைத்தும் விட்டேன்.

யாழினிதான் என் கையைப் பிடித்தாள். அந்த அன்ரி அழுதுகொண்டிருக்கிறா, நாங்கள் போனதால் அவவுடைய வீடியோ கோல் கட் ஆகிவிட்டது என்று இங்கிலிஷில் சொன்னாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எப்படி ஓடுவது? உள்ளே போனேன்.

ஹோலில் தளபாடமெல்லாம் சுவரோரம் தள்ளியிருந்தது. ஒரு படம், அதற்கு பிளாஸ்டிக் பூமாலை, முன்னால் ஒரு விளக்கு. டிவித் திரை வெறும் நீலமாகக் கிடந்தது. அதற்கு முன்னால், நிலத்தில், கோகிலா போனைக் காதில் வைத்தபடி இருந்தாள். வேறு ஒரு சனமும் இல்லை. செத்த வீடென்றால் வாசலில் செருப்புக் குவிந்திருக்கும் அல்லவா? அந்த வாசலில் ஒரேயொரு சோடிதான் கிடந்தது, அவளுடையது.

மன்னித்துக்கொள், பிள்ளைகளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது என்று ஏதோ உளறினேன். அவள் அதைக் கேட்கவேயில்லை.

“அக்கா, கோல் போகுதில்லை. அம்மாவின்ர முகத்தை நான் இன்னும் பாக்கேல்லை. மூடிப்போடுவினம் அக்கா.”

துண்டு துண்டாகச் சொன்னாள். இரண்டு நாளைக்கு முதல் அம்மா தவறிவிட்டா. இவளால் போக முடியாது. விசா அலுவல் முடியவில்லை, இந்த நிலையில் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வர முடியாது. ஆகவே அவளுக்குப் பதிலாக அவளுடைய கணவன் சுதன் போயிருக்கிறான். அங்கேயிருந்து வீடியோ கோலில் செத்த வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். போனில் வருவதைப் பெரிதாகத் தெரியட்டும் என்று இவள் டிவியில் போட்டிருந்தாள்.

இங்கே பின்னேரம் ஆறே முக்கால் என்றால் அங்கே காலை பதினொன்றேகால். பதினொன்றரைக்குள் எடுக்க வேண்டும் என்று குருக்கள் சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டு முடிந்து, கடைசியாக மகளின் முறை. நீ அங்கே கையில் அரிசியை எடு, உனக்காகத் தம்பி இங்கே போடுவான் என்று சுதன் சொல்லியிருக்கிறான். சுதன் போனை அம்மாவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டு போகிறான். கோகிலா அரிசியைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்க்கிறாள்...

“ட்ரிக் ஓர் ட்ரீட்!”

திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஒரு எலும்புக்கூடு வாளியை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பொத்திய கை தன்பாட்டில் விரிந்துவிட்டது.

இங்கே நடந்தது இது. அங்கே நடந்தது இதைவிட மோசம். சுதனுக்குப் பக்கத்தில் கோகிலாவின் சின்னம்மா, அதாவது செத்தவவின் தங்கச்சி, போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா. நிலத்தில் இருக்கிற கோகிலாவின் தோளுக்குப் பின்னால், வெள்ளை வேட்டி போர்த்திய ஒரு உருவம் வந்து நிற்கிறது. பச்சைக் கரை வேட்டி. கடையில் விற்கிற வெள்ளைக்காரப் பேய் உடுப்பாக இருந்தால் சின்னம்மா பயந்திருக்க மாட்டா, என்னவோ வேடிக்கை என்று விட்டிருப்பா. இது எங்கள் ஊர் வேட்டியல்லவா? கோகிலாவின் அப்பா நாலு வருடத்துக்கு முன் காலமானவர், பச்சைக் கரை வேட்டிதான் கட்டுவாராம். “ஐயோ, அத்தான் வந்திட்டார்” என்று கத்திக்கொண்டு சின்னம்மா சுதனின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறா. போன் கைநழுவி சீமெந்து நிலத்தில் விழுந்திருக்கிறது.

நான் வெளியே நின்று கேட்ட கூச்சல் அதுதான்.

சொந்தத் தாயின் முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்க்கத்தான் இந்தப் பிள்ளை தனியாக இந்த வீட்டுக்குள் இரண்டு நாள் காத்திருந்தாள். அதைக் கெடுத்தது என் வீட்டுக் கத்தரிக்கோல்! சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட இல்லை.

வேறு ஆரின்ர நம்பர் இருக்கு என்று கேட்டேன். தம்பியின் நம்பர் இருந்தது. ஆனால் தம்பி கொள்ளி வைக்கிறவன், ஈர வேட்டியோடு கிரியையில் இருப்பான், போன் எங்கே இருக்கப்போகிறது? பரவாயில்லை தா என்று வாங்கி, என் போனில் அடித்தேன். அவள் சுதனுக்கு அடிக்க, நான் தம்பிக்கு அடிக்க... மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. இரண்டு பிள்ளைகளும் சுவரோடு சாய்ந்து நின்றன. கவின் வேட்டிக்குள்ளேயே நின்றான்.

கடைசியில் யாரோ எடுத்தார்கள். “ஆர் கதைக்கிறது?” என்று ஒரு ஆண் குரல். தம்பி தன் போனைக் கொடுத்து வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரராம். தெரியாத நம்பராக இருந்ததால் எடுக்கவில்லையாம்.

“நியூசிலாந்தில கோகிலா வீட்டில இருந்து கதைக்கிறன். பெட்டியை மூட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளை இன்னும் முகம் பாக்கேல்லை.”

முன்பின் தெரியாத ஒரு செத்த வீட்டுக்கு ஆக்லாந்திலிருந்து கட்டளை போட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த மனிதர் நல்லவர். ஓடிப்போய்ச் சொன்னார். நான் வீடியோவைப் போட்டேன். பறைச் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. படம் வந்தது. வந்தது சின்னம்மாவின் முகம்.

சின்னம்மா விடுகிற மாதிரித் தெரியவில்லை. அந்த வீட்டில் அத்தான் நிற்கிறார், கோகிலாவை முதலில் வெளியே வரச் சொல்லு, அக்காவைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று குழறினா. பின்னால் நின்ற சனமும் அதையே கதைத்தது. நேரம் போகுது என்று குருக்களின் குரல் கேட்டது.

வேறு வழியில்லை. கவினை இழுத்துப் போனுக்கு முன்னால் நிறுத்தினேன். எல்லாரும் பார்க்க வேட்டியைத் தலையிலிருந்து உரித்தேன். வியர்த்துக் கொட்டி, மயிரெல்லாம் ஒட்டிப்போய், வாயைச் சுற்றிச் சொக்லேட் அப்பிய ஒரு முகம் வெளியே வந்தது.

“இது என்ர மகன் அம்மா. அஞ்சு வயசு. வேட்டி என்ர மனுசன்ர” என்றேன்.

கவின் சின்னம்மாவைப் பார்த்துக் கையாட்டி “ஹாய்” என்றான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. சின்னம்மாவும் மூக்கைச் சீறிக்கொண்டு, சனியன் பிடித்த பொடியன் என்றா. அதற்குப் பிறகு போனைத் தானே வாங்கி, அக்காவின் முகத்துக்கு நேரே கொண்டு போய்ப் பிடித்தா.

கோகிலா பார்த்தாள். என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழுகையை விட்டுவிட்டுப் பார்த்தாள், கண்ணீர் மறைத்தால் முகம் தெரியாது அல்லவா? நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அவளுடைய முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அரிசியை எடு” என்று தம்பி அங்கேயிருந்து சொன்னான்.

அரிசி? அரிசி எங்கே? அவள் வெறும் கையைப் பார்த்தாள். குசினியில் வேறு அரிசி எடுத்துவர எழும்பினேன். அதற்குள் யாழினி வாளியோடு நிலத்தில் இருந்துவிட்டாள். ஜெலிப் பாம்பையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி, சொக்லேட் பேப்பருக்கு நடுவிலிருந்து அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, தன் உள்ளங்கையில் சேர்த்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. சேர்த்ததைக் கோகிலாவின் கையில் கொட்டினாள். ஒரு பிடி முழுவதும் வரவில்லை, அரைப் பிடிதான் இருக்கும்.

அங்கே தம்பி போட்டான். இங்கே கோகிலா படத்துக்கு முன்னால் இருந்த தட்டில் போட்டாள். பிறகு பெட்டியை மூடினார்கள். அதற்கப்புறம்தான் அவள் வாய்விட்டு அழுதாள். எங்கள் ஊரில் பெண்கள் செத்த வீட்டில் கட்டிப்பிடித்து அழுவார்களே, அப்படி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். நான் கண்டறியாத ஒரு மனுசிக்காக அப்படி அழுவேன் என்று கற்பனையும் செய்ததில்லை. என் வெட்கமும் அதோடு சேர்ந்து அழுதிருக்கும்.

கொஞ்சம் ஆறியதும் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள், வெள்ளைத் துணியைக் காலையில் அவள்தான் கட்டினாளாம்.

“தமிழ் ஆக்கள் ஆராவது இந்தப் பக்கம் போனால் கண்டிட்டு வருவினம் எண்டு கட்டினனான். நீங்கள் கண்டுதானே அக்கா வந்தனீங்கள்?”

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அன்றைக்கு எனக்கு வேறு இல்லை. கண்டேன் அல்லவா? இந்த இரண்டு கண்ணாலும் கண்டேன். கண்டுவிட்டுப் பேய் அலங்காரம் என்று நினைத்தேன். எங்கேயோ தெரியாத ஊரில் ஒரு சாவென்றால் ஐந்து நிமிடத்தில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் எனக்கு வந்துவிடும், உடனே கண்ணீர்த்துளிப் படமும் அனுப்பிவிடுவேன். பதினொரு வீடு தள்ளி ஒரு பிள்ளை இரண்டு நாளாகத் தனியாகத் துக்கம் காக்கிறது, அது தெரியவில்லை!

“ஓம், கண்டனான்” என்றேன்.

பொய்யில்லை, உண்மையுமில்லை. யாழினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

வெளிக்கிட எழும்பினோம். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். ‘போட்டு வாறம்’ என்றால் மறுபடியும் அந்த வீட்டுக்கு இதே போல வருவோம் என்று ஆகிவிடும். அதனால் நான் வாயைத் திறக்காமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்தேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த இரண்டு பிள்ளைகளும் எதைக் கேட்டாலும் இங்கிலிஷில்தான் பதில் சொல்லும். நான் தலைகீழாக நின்று அவர்களுக்குப் பழக்கிய தமிழ் கொஞ்சம்தான். அதில் முக்கியமானது, யாருடைய வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் ‘போறம்’ என்று சொல்லக்கூடாது, ‘போட்டு வாறம்’ என்று சொல்ல வேண்டும். மறந்தால் வாசலில் நிறுத்திவைத்துச் சொல்ல வைப்பேன்.

வாசலில் கவின் நின்றான். வேட்டியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். திரும்பிப் பார்த்து, நல்ல தெளிவான தமிழில் சொன்னான்.

“அன்ரி, போட்டு வாறம்.”

ஒரு பின்னேரத்தில் ஒரு மனுசி எத்தனை தரம்தான் திடுக்கிடுவது? வாயைப் பொத்தலாம் என்று கையைக் கொண்டு போனேன், பிந்திவிட்டது. கோகிலாவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“ஓம் ராசா. வாங்கோ” என்றாள்.

வீட்டுக்கு வந்து மூவரும் முழுகினோம். இரவு வேலையால் வந்த வீட்டுக்காரர், ஓட்டை விழுந்த வேட்டியைக் கொடியில் கண்டு நெஞ்சில் கை வைத்தார். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, நாங்கள் ஏன் இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்டார். வேட்டியைப் பற்றிக் கேட்டிருந்தால் ஆயிரம் பதில் வைத்திருந்தேன்.

நேற்று முன்தினம் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, வந்தவர்களுக்குப் பரிமாறுகிற நாள். விடியவே போய்விட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய்க் கறி, வடை. கோகிலா சொல்லச் சொல்ல நான் அரிந்தேன். வாசலில் இந்த முறை செருப்புக் குவிந்திருந்தது, தெரிந்த தமிழ் ஆட்களுக்கெல்லாம் அடித்துச் சொன்ன என் தொலைபேசிக்கு நன்றி. கவின் மட்டும் அந்த வேட்டியைப் போர்த்துக்கொண்டுதான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அடித்துப் பிடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. சரி வா என்று கூட்டி வந்தேன்.

பாத்திரம் கழுவும்போது மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். பிள்ளை, அன்றைக்கு நான் வெள்ளைத் துணியைக் கண்டது உண்மை, ஆனால் துக்க வீடென்று தெரிந்து வரவில்லை, எனக்கு விளங்கவில்லை என்றேன். சொல்லும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோகிலா சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம்.

“அது எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. துக்கம் விசாரிக்க ஆர் பேயைக் கூட்டிக்கொண்டு வாறது?”

ஹோலில் பச்சைக் கரை வேட்டிக்குள் இருந்தபடி ஒருவன் மூன்றாவது வடையைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கோகிலாவுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்: பேயை நான் கூட்டிக்கொண்டு வரவில்லை பிள்ளை, பேய்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது.